புரவலர் நிற்கும் இடம்: வெனிஸ், கான் திரைப்பட விழாக்களின் பின்களம் (1932–2024)

ஆய்வுச்சுருக்கம்

பன்னாட்டுத் திரைப்பட விழாக்கள் கலைக்காகத் தோன்றின என்றும், வணிக நிறுவனங்கள் பிற்காலத்தில்தான் அவற்றினுள் நுழைந்தன என்றும் பொதுவாகக் கருதப்படுகிறது. வெனிஸ், கான் ஆகிய இரு விழாக்களின் வரலாறு இக்கருத்துக்கு இடம் தரவில்லை. இரண்டின் பிறப்பிலும் விடுதித் தொழிலின் கை இருந்தது. காலப்போக்கில் புரவலர் நிற்கும் இடம் மட்டுமே மாறியது. விழா நடக்கும் கட்டடத்தின் உரிமையாளராக இருந்தவர், பரிசுப்பொருளைச் செய்து தருபவராகவும் விழாவின் ஒளிப்படத்துக்குள் இடம்பெறுபவராகவும் ஆனார். இவ்விடமாற்றத்தையும், நடுவர் குழுவின் சுதந்திரத்தோடு அதற்குள்ள உறவையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: திரைப்பட விழா, புரவலர், வெனிஸ், கான், நடுவர் குழு, தங்கப் பனை.

முன்னுரை

புரத்தல் என்பது காத்தல். பாணரையும் புலவரையும் காத்தவனைச் சங்க இலக்கியம் புரவலன் என்றது. அவன் கொடைக்கு ஈடாகப் பெற்றது புகழ். அப்புகழ்ப் பாடலுக்கெனத் தொல்காப்பியம் பாடாண் என்று ஒரு திணையையே வகுத்தது. கொடுப்பவர் யார், பெறுபவர் யார், ஈடு என்ன என்பன அவையோர் அனைவருக்கும் தெரிந்திருந்தன. 'ஸ்பான்சர்' என்பதற்கு இன்று தமிழக வழக்கில் புரவலர் என்னும் இதே சொல்லும், இலங்கை வழக்கில் அனுசரணையாளர் என்பதும் ஆளப்படுகின்றன. கான் திரைப்பட விழாவோ தனக்குப் பொருளுதவி செய்யும் நிறுவனங்களை 'அதிகாரப்பூர்வப் பங்காளர்' என்றே குறிப்பிடுகிறது. பங்காளர் எனின், எதில் பங்கு என்ற வினா எழுகிறது. செலவில் பங்கா, புகழில் பங்கா, அன்றித் தீர்ப்பிலும் பங்கா என்பதே இக்கட்டுரையின் ஆய்வுச் சிக்கல்.

எக்செல்சியர் விடுதியின் கடல்முற்றம்

உலகின் முதல் பன்னாட்டுத் திரைப்பட விழா 1932 ஆகஸ்டு 6 அன்று இரவு வெனிசை அடுத்த லிடோ தீவில் தொடங்கியது. ரூபன் மமூலியன் இயக்கிய 'டாக்டர் ஜெகில் அண்ட் மிஸ்டர் ஹைட்' முதற்படமாகத் திரையிடப்பட்டது. விழாவுக்கென அரங்கம் எதுவும் கட்டப்பட்டிருக்கவில்லை. எக்செல்சியர் விடுதியின் திறந்த முற்றத்தில் திரை கட்டப்பட்டு, விடுதி விருந்தினரும் நகரத்தாரும் இருக்கைகளில் அமர்ந்து பார்த்தனர். விழா ஆகஸ்டு 21 வரை நடந்தது. இருபத்தையாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர்.

விழாவை நடத்தியது வெனிஸ் பியெனாலே என்னும் கலைக் கண்காட்சி அமைப்பு. அதன் தலைவர் ஜுசெப்பே வோல்பி. அவரை ஒரு கலைப் புரவலர் என்று மட்டும் அறிமுகப்படுத்தும் நூல்கள் பாதிக் கதையையே கூறுகின்றன. 1905-இல் அட்ரியாட்டிக் மின்சார நிறுவனத்தை நிறுவியவர் அவர். அடுத்த ஆண்டில் உருவான சீகா என்னும் பெருவிடுதி நிறுவனத்தின் பின்னணியிலும், 1917-க்குப் பின் எழுந்த மார்கேரா துறைமுகத் தொழிற்பகுதியின் பின்னணியிலும் அவரே இருந்தார். 1921 முதல் 1925 வரை லிபியாவின் திரிப்போலித்தானியாவில் இத்தாலியக் குடியேற்ற ஆட்சியின் ஆளுநர். 1925 முதல் 1928 வரை முசோலினியின் நிதியமைச்சர். எக்செல்சியர் விடுதி சீகா நிறுவனத்தைச் சேர்ந்தது. ஆகவே விழாவை ஏற்பாடு செய்தவரும், விழாவுக்கு இடமளித்தவரும், விழாவுக்கு வந்தோரின் அறை வாடகையைப் பெற்றவரும் ஏறத்தாழ ஒருவரே.

1929-இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சி ஐரோப்பியப் பெருவிடுதிகளை வெறிச்சோடச் செய்திருந்தது. லிடோ கோடைக்கால உல்லாசத் தீவு. அங்கே விருந்தினரை ஈர்க்கப் புதிய காரணம் தேவைப்பட்டது. சிற்பி அந்தோனியோ மராய்னி பியெனாலேயின் செயலராக இருந்தார். படங்களைத் தேர்ந்தெடுக்கும் பணியை உலக நாடுகள் சங்கத்தின் ஆதரவில் ரோமில் இயங்கிய கல்வித் திரைப்பட நிறுவனத்தைச் சேர்ந்த லூச்சானோ டெ ஃபேயோ ஏற்றார். பணம் விடுதித் தொழிலின் பக்கம், தேர்வு அறிவாளர் பக்கம் என்ற இவ்வேலைப் பிரிவினை முதலாண்டில் நன்றாகவே நடந்தது. நடுவர் குழு இல்லை, அதிகாரப்பூர்வப் பரிசும் இல்லை, பார்வையாளர் வாக்களித்தனர். பாசிச நாட்டின் பெருவிடுதி முற்றத்தில் சோவியத் இயக்குநர் நிகொலாய் எக் சிறந்த இயக்குநராகத் தேர்வானார். தொழிற்சாலை முதலாளிகளை எள்ளி நகையாடும் ரெனே கிளேரின் 'ஆ நூ லா லிபெர்த்தே' மிகவும் மகிழ்வித்த படமெனத் தேர்வாயிற்று. மின்சார முதலாளியின் முற்றத்தில் அப்படத்துக்குக் கைதட்டல் கிடைத்தது சுவையான முரண்.

கோப்பையின் பெயர்

பரிசு என்னும் பொருள் உள்ளே வந்ததும் நிலைமை மாறியது. 1934-இல் இரண்டாம் விழாவில் சிறந்த இத்தாலியப் படத்துக்கும் சிறந்த அயல்நாட்டுப் படத்துக்கும் முசோலினி கோப்பைகள் நிறுவப்பட்டன. 1935 முதல் விழா ஆண்டுதோறும் நடக்கலாயிற்று. சிறந்த நடிகர், நடிகைக்கான பரிசு வோல்பி கோப்பை என்று பெயர் பெற்றது. 1937-இல் விழாவுக்கெனத் தனி அரங்கம் எழுந்தது. விடுதி முற்றம் அரசின் மாளிகையானது.

1938 விழாவின் தீர்ப்பு வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது. முசோலினி கோப்பையை இரண்டு படங்கள் பெற்றன. ஒன்று, பெர்லின் ஒலிம்பிக் பற்றி லெனி ரீஃபென்ஸ்டால் எடுத்த 'ஒலிம்பியா'. மற்றொன்று, 'லூச்சானோ செர்ரா, பிலோத்தா' என்னும் இத்தாலிய விமானிப் படம். அதன் ஆக்கத்தை மேற்பார்த்தவர் முசோலினியின் மகன் வித்தோரியோ. அமெரிக்க, பிரித்தானியப் பிரதிநிதிகள் எதிர்ப்புத் தெரிவித்து விலகினர். பிரெஞ்சுப் பிரதிநிதியாக அங்கிருந்த பிலிப் எர்லாஞ்சே, ஊர் திரும்பும் தொடர்வண்டிப் பயணத்திலேயே சுதந்திரமான மாற்று விழா ஒன்றைக் குறித்துச் சிந்தித்தார் என்பது கான் விழாவின் தோற்றக் கதை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தீர்ப்பில் தலையிட்டது கோப்பைக்குத் தன் பெயரைக் கொடுத்த அரசுதான். விடுதி நிறுவனம் தலையிட்டதாகக் கதை இல்லை. அது தனக்கு வேண்டியதை அறை வாடகையிலேயே பெற்றுக்கொண்டது. நிறைந்த அறைகள் போதுமானவையாக இருந்த புரவலருக்கு எந்தப் படம் வென்றாலும் ஒன்றே. போருக்குப் பின் முசோலினி கோப்பை மறைந்தது. வோல்பி கோப்பை இன்றும் அதே பெயரில் வெனிசில் வழங்கப்படுகிறது. அதைக் கையிலேந்தும் நடிகர்களில் எத்தனை பேர் திரிப்போலித்தானியாவின் ஆளுநரை நினைப்பார்கள் என்பது வேறு செய்தி.

கான்: கோடைப் பருவத்தை நீட்டித்த விழா

கான் நகரம் வெனிசுக்கு மாற்று என்று கொள்கையளவில் கூறப்பட்டாலும், பின்களத்தில் அதே தொழில்தான் இயங்கியது. கல்வியமைச்சர் ஜான் ஸே கொள்கைக்குத் துணைநின்றார். இடத்துக்காக பியாரிட்ஸ் நகரமும் போட்டியிட்டது. கான் நகரின் கிராண்ட் விடுதி உரிமையாளர் ஆன்ரி ஜாந்த்ரு தம் ஊருக்காக முனைந்து வாதாடினார். 1939 மே 31 அன்று கான் நகருக்கும் அரசுக்கும் இடையே உடன்பாடு கையெழுத்தானது. விழா செப்டம்பரில் குறிக்கப்பட்டதற்கும் காரணம் உண்டு: ஆகஸ்டு முடிந்ததும் புறப்பட்டுவிடும் விருந்தினரை மேலும் இரு வாரம் இருத்திவைக்கலாம். எம்.ஜி.எம். நிறுவனம் தன் நட்சத்திரங்களைக் கப்பலில் அனுப்பியது. 'தி ஹஞ்ச்பேக் ஆஃப் நோத்ர டாம்' படத்துக்காகக் கடற்கரையில் அத்தேவாலயத்தின் அட்டை உருவம் எழுப்பப்பட்டது. செப்டம்பர் 1 அன்று செருமனி போலந்தைத் தாக்கியது, விழா நின்றது. ஜான் ஸே 1944 ஜூன் 20 அன்று விஷி ஆட்சியின் துணைப்படையினரால் கொல்லப்பட்டார். அவர் கனவுகண்ட விழாவை அவர் காணவேயில்லை.

1946 செப்டம்பர் 20 அன்று முதல் விழா நகராட்சியின் சூதாட்ட விடுதியில் நடந்தது. சேத்தன் ஆனந்தின் 'நீச்சா நகர்' பெரும்பரிசு பெற்ற பதினொரு படங்களுள் ஒன்று. மறுஆண்டு விழா அரங்கம் கட்டப்பட்டபோது உள்ளூர்த் தொழிலாளர்கள் ஊதியமின்றியும் உழைத்தனர். அதன் நினைவாகவே சி.ஜி.டி. தொழிற்சங்கத்துக்கு விழாவின் நிர்வாகக் குழுவில் இடமுண்டு. உழைப்பைக் கொடையாகத் தந்தவர்களும் புரவலரே. எனினும் புரவலர் பட்டியலில் அவர்களை எவரும் சேர்ப்பதில்லை. பணமின்மையால் 1948, 1950 ஆகிய ஆண்டுகளில் விழா நடைபெறவில்லை. தனியார் நிறுவனங்களின் பொருளுதவியைக் குறைகூறுவோர் இவ்விரு வெற்று ஆண்டுகளையும் நினைவில் கொள்ளுதல் தகும். இன்றும் விழாவின் ஏறத்தாழ 2 கோடி யூரோ செலவில் பாதி, மையத் திரைப்பட அமைப்பு, நகராட்சி, மாகாணம் ஆகியவற்றின் பொதுப்பணம்; மறுபாதியைத் தேடிக்கொள்ள வேண்டும்.

பொற்கொல்லரின் வருகை

தங்கப் பனை விருது 1955-இல் முதன்முதலாக வழங்கப்பட்டது. 'மார்ட்டி' படம் அதைப் பெற்றது. கான் நகரின் இலச்சினையிலுள்ள மட்டையே அதன் வடிவம். 'பனை' என்ற தமிழாக்கம் நிலைபெற்றுவிட்டது. ஆயினும் நடு நரம்பின் இருமருங்கும் கீற்றுகள் விரியும் அவ்வடிவம் விசிறிபோல் விரியும் பனையோலையை ஒத்ததன்று. ஈச்சமட்டை என்பதே அதற்கு அணுக்கமான சொல்.

1997-இல் லோரியால் நிறுவனம் விழாவின் ஒப்பனைப் பங்காளரானது. அதே ஆண்டில் செனீவாவின் ஷோபார் நகை நிறுவனத்தைச் சேர்ந்த கரோலின் ஷோய்ஃபெலே விழாத் தலைவர் பியேர் வியோவைப் பாரிசில் சந்தித்தார். அறையிலிருந்த தங்கப் பனையைக் கண்டு, அதை மறுவடிவமைக்கத் தாமே முன்வந்தார் என்பது நிறுவனம் விரும்பிச் சொல்லும் கதை. 1998 முதல் பரிசு புது வடிவில் வந்தது: 18 காரட் தங்கம் 118 கிராம், பத்தொன்பது கீற்றுகள், அடியில் செதுக்கிய படிகப் பாளம். புது வடிவின் முதற்பரிசைக் கிரேக்க இயக்குநர் தியோ ஆஞ்செலோபூலோஸ் பெற்றார்.

ஒரு நகைக்கடையின் வருகை என இதைக் கடந்துபோக இயலாது. வோல்பி விழாவுக்கு நிலம் தந்தார். ஷோபார் விழாவின் உச்சக்கணத்தில் வென்றவரின் கையில் இருக்கும் பொருளைத் தருகிறது. நிலத்தை எவரும் படம்பிடிப்பதில்லை. கையிலுள்ள பொருளைப் படம்பிடிக்காமல் இருக்க இயலாது. 2001 முதல் இளம் நடிகர்களுக்கு நிறுவனம் தன் பெயரிலேயே 'ஷோபார் கோப்பை' வழங்குகிறது. 2007-இல், விழாவின் அறுபதாம் பதிப்பில், எத்தனையாவது விழாவோ அத்தனை அணிகள் என்ற கணக்கில் 'செங்கம்பளத் தொகுப்பு' ஒன்றையும் தொடங்கியது. விழாவின் வயதே விற்பனைத் தொகுப்பின் எண்ணாகிவிட்டது.

விடுதி அறையும் இரும்புப் பெட்டகமும்

புரவலரின் விழா அரங்கத்தில் நடப்பதில்லை; குரோவாசெத் கடற்சாலையின் விடுதி மாடிகளில் நடக்கிறது. 1929-இல் திறக்கப்பட்ட மார்ட்டினெஸ் விடுதி நெடுங்காலமாக இதற்குப் பெயர்பெற்றது. ஒப்பனைக் கலைஞரும் முடிதிருத்துநரும் காலைமுதல் அங்கே பணிசெய்கின்றனர். நகைகள் இரவலாகத் தரப்படுகின்றன. காவலர் உடன்செல்ல, இரவே திரும்பப் பெறப்படுகின்றன. மாலையில் இருபத்து நான்கு படிகளை ஏறுவதற்குள் இத்தனை பேரின் பகல்முழு உழைப்பு முடிந்திருக்க வேண்டும். அப்படிகளில் நிற்கும் சில நிமிடங்களே புரவலருக்கான ஈடு. உள்ளே என்ன படம் ஓடுகிறது என்பது இக்கணக்கில் சேராது.

இப்பின்களம் வெளியுலகுக்குத் தெரியவந்தது திருட்டால். 2013 மே 16 நள்ளிரவுக்குப் பின், ஷோபார் ஊழியர் ஒருவர் தங்கியிருந்த விடுதி அறையிலிருந்து இரும்புப் பெட்டகம் சுவரோடு பெயர்த்து எடுத்துச் செல்லப்பட்டது. களவுபோனவற்றின் மதிப்பு பத்து லட்சம் டாலர் எனச் செய்திகள் கூறின. நிறுவனம் அம்மதிப்பை மறுத்ததோடு, திருடப்பட்டவை நடிகைகள் அணியவிருந்த நகைகள் அல்ல என்பதையும் தெளிவுபடுத்தியது. இம்மறுப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. இழந்த பொன்னைவிட, படம்பிடிக்கப்படவிருந்த பொன் பாதுகாப்பாக உள்ளது என்ற செய்தியே நிறுவனத்துக்கு இன்றியமையாததாக இருந்தது. நட்சத்திரங்களின் வீடு புகுந்து திருடும் இளைஞர்களைப் பற்றிய 'தி பிளிங் ரிங்' படம் அதே மே 16 அன்றுதான் விழாவின் மற்றொரு பிரிவைத் தொடங்கிவைத்திருந்தது.

இன்னொரு நிகழ்வும் உண்டு. 2015-இல் கெரிங் நிறுவனம் பங்காளராகி, திரைத்துறையில் பெண்களின் இடம் குறித்த 'விமன் இன் மோஷன்' திட்டத்தைத் தொடங்கியது. அதே விழாவில் 'கரோல்' திரையிடலுக்குத் தட்டையான காலணி அணிந்து வந்த பெண்கள் சிலர் திருப்பியனுப்பப்பட்டதாகச் செய்தி எழுந்தது. குதிகால் உயர்ந்த காலணி கட்டாயம் என்ற விதி இல்லை என விழா நிர்வாகம் மறுத்தது. விதி ஏட்டில் இல்லாதிருக்கலாம். வாயிற்காவலரின் கண்ணில் இருந்திருக்கிறது.

ஒளிப்படத்தில் இந்தியா

இந்திய வாசகருக்குக் கான் விழா எவ்வழியே தெரியவந்தது என்ற வினா இங்குப் பொருத்தமானது. 2002-இல் 'தேவ்தாஸ்' போட்டிக்கு வெளியே திரையிடப்பட்டபோது ஐஸ்வர்யா ராய் அங்குச் சென்றார். 2003-இல் நடுவர் குழுவில் அமர்ந்தார். அதன்பின் பெரும்பாலான ஆண்டுகளில் அவர் செங்கம்பளத்தில் தோன்றியது லோரியால் நிறுவனத்தின் விளம்பரத் தூதராக. தமிழ் நாளிதழ்களின் திரைப்பக்கங்களில் ஒவ்வொரு மே மாதமும் வெளிவந்த அவரது உடையலங்காரப் படங்கள், உண்மையில் ஒரு புரவலரின் அறுவடை. இதே காலத்தில் விழாவின் முதன்மைப் போட்டியில் இந்தியப் படங்களின் நிலை என்ன? 1994-இல் ஷாஜி என். கருணின் 'ஸ்வாஹம்' இடம்பெற்றது. அடுத்து இடம்பெற்றது 2024-இல் பாயல் கபாடியாவின் 'ஆல் வி இமேஜின் அஸ் லைட்'. இடையில் முப்பதாண்டு வெறுமை. படமில்லாத ஆண்டுகளிலும் இந்தியா கானில் இருப்பதாக வாசகர் நம்பியதற்குக் காரணம் ஒப்பனை நிறுவனத்தின் அழைப்பு. நாட்டின் திரைக்கலை அங்கு இல்லை என்பதை மறைத்ததே இவ்வகைப் புரவின் விளைவு. இதை எவரும் திட்டமிட்டுச் செய்ததாகக் கொள்ள வேண்டியதில்லை.

2022: நடுவர் தலைவரின் விலகல்

புரவலர் பொருளைத் தந்தாலும் ஒளிப்படத்தை எடுத்துக்கொண்டாலும் தீர்ப்பு நடுவரிடமே இருந்தது. அக்கோடு தொடப்பட்டது விழாவின் எழுபத்தைந்தாம் ஆண்டில். டிக்டாக் நிறுவனம் 2022-இல் பங்காளரானது. தன் தளத்தில் வெளியாகும் குறும்படங்களுக்கெனப் போட்டியொன்றை நடத்தியது. கம்போடிய இயக்குநர் ரித்தி பான் நடுவர் தலைவர். கெமர் ரூஜ் ஆட்சியில் குடும்பத்தினரை இழந்து உயிர்தப்பியவர் அவர். அதிகாரம் சொல்வதைத் திருப்பிச் சொல்லும்படி கேட்கப்படுவது எத்தகையது என்பதைத் தம் படங்களில் ஆராய்ந்தவர். பரிசளிப்புக்குச் சில நாள் முன்பு அவர் விலகினார். நடுவர் குழுவின் சுதந்திரமும் இறைமையும் குறித்து நிறுவனத்தோடு தீராத கருத்துவேறுபாடு என்பது அவர் சொன்ன காரணம். பரிசுக்குரிய படங்களைத் தேர்வதில் நிறுவனத் தரப்பு தலையிட முயன்றது என்பது அவரது குற்றச்சாட்டு. குழுவின் முடிவை நிறுவனம் ஏற்றுக்கொண்ட பின் அவர் திரும்பினார். பெரும்பரிசைச் சப்பானிய இயக்குநர் ஒருவரும் சுலோவீனிய இயக்குநர் ஒருவரும் பகிர்ந்துகொண்டனர்.

இந்நிகழ்வை 1938-உடன் அருகருகே வைத்துப் பார்க்கலாம். அரசியல் கனத்தில் இரண்டுக்கும் ஒப்பில்லை. அமைப்பில் ஒப்பு உண்டு. அன்று கோப்பை அரசின் பெயரில் இருந்தது. 2022-இல் போட்டியே நிறுவனத்தின் பெயரில் இருந்தது. விடுதியை வாடகைக்குத் தரும் புரவலருக்கும் தங்கம் தரும் புரவலருக்கும் யார் வென்றாலும் இழப்பில்லை. வெல்லும் படமே தன் தளத்தின் விளம்பரமாகும் புரவலருக்குத் தீர்ப்பு தன் சரக்கின் ஒரு பகுதியாகிவிடுகிறது. ஆகவே ஒரு புரவலர் எவ்வளவு தருகிறார் என்பதைக் காட்டிலும், எதன் மீது தன் பெயரை எழுதுகிறார் என்பதே விழா வரலாற்றாசிரியர் கேட்க வேண்டிய வினா. பணத்தின் அளவைக் கொண்டு புரவலர்களை வரிசைப்படுத்தும் ஆய்வுகள் இவ்வேறுபாட்டைத் தவறவிடுகின்றன.

பெயர் எழுதப்படாமலே அதிகாரம் செலுத்துவோரும் உளர். 2017-இல் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனத்தின் இரண்டு படங்கள் போட்டியில் இடம்பெற்றதைப் பிரெஞ்சுத் திரையரங்க உரிமையாளர் கூட்டமைப்பு எதிர்த்தது. அக்கூட்டமைப்பு விழா நிர்வாகக் குழுவில் இடம்பெற்றது. மறுஆண்டு முதல், பிரான்சின் திரையரங்குகளில் வெளியாகும் படங்களே போட்டியிடலாம் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. 2018-இல் 'ரோமா' கானுக்கு வராமல் வெனிசுக்குச் சென்று தங்கச் சிங்கத்தை வென்றது. நடுவர் குழு அமைவதற்கு முன்பே நிகழ்ந்த தேர்வு இது.

திரைகளின் அடியில்

2024 மே மாத விழாவுக்கு முன், திரைப்பட விழாக்களில் பணியாற்றும் தற்காலிகத் தொழிலாளரின் கூட்டமைப்பொன்று வேலைநிறுத்த அழைப்பு விடுத்தது. திரைகளின் அடியில் வறுமை என்று பொருள்படும் பிரெஞ்சுத் தொடரை அவர்கள் தம் பெயராக வைத்துக்கொண்டனர். படம் ஓட்டுவோர், நிகழ்ச்சி நிரல் அமைப்போர், விருந்தினரை வரவேற்போர் ஆகியோர் அதில் இருந்தனர். விழாவுக்கு விழா குறுகிய ஒப்பந்தத்தில் வேலை. இடைப்பட்ட நாட்களுக்கு வேலையில்லாக் காப்பீடே வாழ்வாதாரம். அக்காப்பீட்டு விதிகள் இறுக்கப்பட்டால் இத்தொழிலில் நிற்க இயலாது என்பது அவர்கள் முறையீடு. கலை நிகழ்த்துநருக்குப் பிரான்சு வழங்கும் தனிக் காப்பீட்டு முறையில் தங்களையும் சேர்க்க வேண்டும் என்று கேட்டனர். விழா மே 14 அன்று குறித்தபடி தொடங்கியது. பாயல் கபாடியாவின் படம் பெரும்பரிசு பெற்றது. 1947-இல் அரங்கம் எழுப்ப ஊதியமின்றி உழைத்தவர்களின் தொழிற்சங்கத்துக்கு நிர்வாகக் குழுவில் இடம் இருந்த அதே விழாவில், அவ்வரங்கத்தின் இருளில் படச்சுருளும் கணினியும் இயக்குவோர் வாயிலுக்கு வெளியே துண்டறிக்கை கொடுக்க வேண்டியிருந்தது.